கலர் பிரிண்ட் கேட்டு வந்தவர்: ஒரு லாட்டரி மின்னஞ்சல் மோசடியின் நிகழ்வு ஆய்வு

இந்தச் சம்பவம் 2023 மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் பக்கம் நடந்தது. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவரையும் அவர் மனைவியையும் யாரும் அடையாளம் காணாதபடி வயதையும் குடியிருப்பையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். தொகைகளும் தேதிகளும் உள்ளபடியே இருக்கின்றன. என் பங்குக்கு நான் செய்த தவறும் உள்ளபடியே இருக்கிறது. உண்மையில் அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்தேன்.

பின்னணி

நாங்கள் மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலை ஒட்டிய மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டரோடு உட்காருவோம். இயங்கலையில் பாரம் நிரப்பத் தெரியாத பெரியவர்களுக்கு நிரப்பிக் கொடுப்போம். சேமநிதிக் கணக்கு, அரசாங்க உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவமனைத் தேதி என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். கறுப்பு வெள்ளை நகல் இலவசம். கலர் என்றால் ஒரு தாளுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்); மை விலை அப்படி.

அந்த அண்ணனுக்கு அப்போது 61 வயது. பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஷிப்ட் வேலை. கடைசிப் பதினைந்து வருடம் கியூசி, அதாவது தரச் சோதனை. லைனில் வரும் போர்டுகளைப் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பார். குறை தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவார். 60 வயதில் ஓய்வு பெற்றார். சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதி வீட்டுக் கடனுக்கும் மகள் கல்யாணத்துக்கும் போய்விட்டது. மீதி வங்கியில் இருந்தது. மகள் ஜொகூரில் இருக்கிறார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும்.

நம்பர் எடுக்கும் பழக்கம் உண்டு, நாலு இலக்க லாட்டரி. புதன், சனி, ஞாயிறு, குலுக்கல் நாள் எதுவும் தப்பாது. ஒரு தடவைக்கு இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி. அதற்கு மேல் போகமாட்டார். கனவில் வந்த வீட்டு எண், ரோட்டில் மோதிக் கிடந்த காடியின் எண், இப்படித்தான் தேர்வு. ஒரே ஒரு தடவை ஆறுதல் பரிசு விழுந்தது. ஒரு வெள்ளிக்கு 'பிக்' என்ற வகையில் கட்டியிருந்ததால் 60 வெள்ளி கிடைத்தது. இந்த 60 வெள்ளி பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் வரும்.

மின்னஞ்சல் கணக்கை மகள் திறந்து கொடுத்தார். சேமநிதிக்காகத் திறந்ததுதான். ஆனால் ஓய்வுக்குப் பிறகு பேரங்காடிகளில் நடக்கும் அதிர்ஷ்டக் குலுக்கல் பாரங்களிலெல்லாம் அந்த முகவரியை எழுதிப் பெட்டியில் போட்டு வந்திருக்கிறார். அதனால் 'உங்கள் மின்னஞ்சல் முகவரி குலுக்கலில் தேர்வானது' என்று கடிதம் வந்தபோது அவருக்கு அது வானத்திலிருந்து குதித்த செய்தியாகப் படவில்லை. எங்கேயோ எழுதிப் போட்டோம், விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

கடிதம்

மார்ச் 7, செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் 'இறுதி அறிவிப்பு' என்று தலைப்பு. பிரிட்டனின் தேசிய லாட்டரியோ என்று நினைக்கவைக்கிற மாதிரி ஒரு பெயர். பரிசு 850,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் சுமார் 46 லட்சம் வெள்ளி. இணைப்பில் ஒரு பிடிஎஃப். அதில் கிரீடம் போட்ட முத்திரை, இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து, சீட்டு எண், தொகுப்பு எண், தங்க நிறத்தில் ஓரக்கோடு.

இரண்டு வரிகள் தடித்த எழுத்தில் இருந்தன. ஒன்று, 14 நாளுக்குள் உரிமை கோராவிட்டால் பரிசு கைவிட்டுப் போகும். மற்றொன்று, பணம் கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் வேறு யாராவது உரிமை கோரிவிடலாம். இப்படிப்பட்ட கடிதங்களில் முதலில் தேட வேண்டியது இந்த இரண்டாவது வரியைத்தான் என்பது என் கருத்து. அவசரப்படுத்துவது ஒழுங்கான கம்பெனியும் செய்கிற வேலைதான். மனைவியிடம் சொல்லாதே என்று எந்த ஒழுங்கான கம்பெனியும் சொல்லாது.

அவர் கைப்பேசியில்தான் படித்தார். கைப்பேசியில் அனுப்பியவரின் பெயர் மட்டும் பெரிதாகத் தெரியும். பெயரைத் தொட்டால்தான் முகவரி விரியும். அப்படி விரித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு நான் பார்த்தபோது, அனுப்பிய முகவரி தென்னமெரிக்காவில் ஒரு பள்ளியுடையதாக இருந்தது. அங்கே யாருடைய கடவுச்சொல்லையோ திருடி அனுப்பியிருக்க வேண்டும். பதில் எழுதினால் அந்தப் பள்ளிக்குப் போகாது. பதில் போகும் முகவரியைத் தனியாக மாற்றி வைத்திருந்தார்கள். அது யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கக்கூடிய சாதாரணக் கணக்கு. முன்னால் ஒரு நிறுவனத்தின் பெயர், பின்னால் ஒரு பள்ளி, பதிலுக்கு ஓர் இலவசக் கணக்கு. மூன்றும் மூன்று இடம்.

அவர் பாரத்தை நிரப்பி அனுப்பினார். பெயர், முகவரி, தொலைபேசி, வங்கிக் கணக்கு எண், மைகார்டு அடையாள அட்டையின் இரண்டு பக்கப் படம்.

முதல் தொகை

மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு. எண் +44 70 என்று தொடங்கியது. 44 பிரிட்டனின் குறியீடு என்று கூகளில் தேடி உறுதிசெய்து கொண்டாராம். தேடியது சரிதான். ஆனால் பிரிட்டனில் 070 என்று தொடங்கும் எண்கள் கைப்பேசி எண்கள் அல்ல. அவற்றுக்கு வரும் அழைப்பை உலகில் எந்த ஊர் போனுக்கும் திருப்பிவிடலாம். எடுத்துப் பேசுகிறவர் லண்டனில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

பேசியவர் மரியாதையாக, நிதானமாகப் பேசியிருக்கிறார். பரிசுப் பத்திரத்துக்குக் காப்புறுதி, கூரியர் செலவு எல்லாம் சேர்த்து 1,850 வெள்ளி, அதைக் கோலாலம்பூரில் இருக்கும் எங்கள் முகவர் கணக்கில் போட்டால் போதும் என்றாராம். 46 லட்சத்துக்கு முன்னால் 1,850 என்ன பெரிய காசு? மார்ச் 17, வெள்ளிக்கிழமை மாலை, பணம் போடும் மெஷினில் போட்டார். உறுதி செய்வதற்கு முன் திரையில் கணக்குக்காரர் பெயர் வந்தது. ஒரு பெண்ணின் பெயர், தனியாள் கணக்கு. அவருக்கு அது உறுத்தியது. கேட்டும் இருக்கிறார். கம்பெனிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இது எங்கள் ஊழியரின் கணக்கு என்று பதில் வந்தது.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, சரியான இடத்தில் வந்தது. ஆனால் அந்தச் சந்தேகத்தை அவர் கேட்ட ஒரே ஆள் ஏமாற்றுகிறவன்தான். வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்பதுதான் கடிதத்தின் விதியாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை

மார்ச் 19. பதினொரு மணி இருக்கும். மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். அவர் கைப்பேசியை நீட்டி, "தம்பி, இத கலர்ல எடுக்கணும்" என்றார். பிடிஎஃப்பைத் திறந்தேன். கிரீட முத்திரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னாண்ணே இது, ஏமாத்து வேலை. இதுக்கெல்லாம் ஒரு வெள்ளி செலவு பண்ணாதீங்க" என்றேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவர், "எனக்கும் போன வருசம் வந்துச்சு, பத்து மில்லியன்" என்றார். எல்லாரும் இன்னொரு தடவை சிரித்தோம்.

அவரும் சிரித்தார். கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சும்மா காட்டலாம்னு வந்தேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

சும்மா காட்ட வந்தவர் ஏன் கலர் நகல் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. 'ஏதாவது கட்டினீங்களா?' என்று கேட்கவும் தோன்றவில்லை. அன்று கேட்டிருந்தால், பணம் போய் இரண்டு நாள்கூட ஆகாத நேரம் அது. அந்தக் கணக்கில் ஏதாவது மிச்சம் இருந்ததா என்பது இனித் தெரியப்போவதில்லை.

இப்படிப்பட்ட கடிதங்கள் ஏன் இவ்வளவு அப்பட்டமாக இருக்கின்றன என்பதற்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012ல் ஒரு விளக்கம் எழுதினார். லட்சம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்ப அதிகச் செலவில்லை. ஆனால் பதில் போடும் ஒவ்வொருவரோடும் வாரக்கணக்கில் பேசித் தேற்றுவது பெரிய வேலை. கடைசியில் பணம் கட்டாத ஆட்களோடு பேசி நேரத்தை வீணாக்குவது ஏமாற்றுகிறவனுக்கு நட்டம். ஆகவே சந்தேகப்படுகிறவன் முதல் வரியிலேயே சிரித்துவிட்டு விலகும்படி கடிதம் இருந்தால் அவனுக்கு வசதி. சல்லடை மாதிரி.

இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்து என்ன? அந்தக் கடிதம் என்னைப் போன்றவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி எழுதப்பட்டது. நானும் சரியாகச் சிரித்தேன். சிரித்தவன் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று பிரிந்தோம். சல்லடை வேலை செய்துவிட்டது.

இரண்டாம் தொகை

அடுத்து நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் வேறொரு கடையில் ஒன்றரை வெள்ளி கொடுத்துக் கலர் நகல் எடுத்தார். அடுத்த வாரம் இன்னொரு கடிதம். இவ்வளவு பெரிய தொகை நாடு விட்டு நாடு போவதால், இது பயங்கரவாதப் பணமோ கறுப்புப் பணமோ அல்ல என்று ஒரு சான்றிதழ் வேண்டுமாம். கட்டணம் 6,400 வெள்ளி. சான்றிதழின் மாதிரியும் இணைப்பில் இருந்தது, அவர் பெயர் போட்டு.

கையில் அவ்வளவு இல்லை. நிரந்தர வைப்பை உடைத்தால் மனைவிக்குத் தெரிந்துவிடும். மார்ச் 30ஆம் தேதி மனைவியின் சங்கிலியை அடகுக் கடையில் வைத்து 5,000 வாங்கினார். மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத் தவணை. சேமிப்பிலிருந்து 1,400 சேர்த்துப் போட்டார். இந்த முறை வேறு வங்கி, வேறு பெயர், இதுவும் தனியாள் கணக்கு.

ஏன் கட்டினீர்கள் என்று பிறகு கேட்டேன். "நீங்கள்லாம் சிரிச்சீங்க. பணம் வந்தா உங்க முன்னாலயே கொண்டாந்து காட்டணும்னு இருந்துச்சு" என்றார். அப்புறம், "கட்டுன ஆயிரத்து எண்ணூறையும் விட மனசில்ல லா" என்றார். விட்டதைப் பிடிக்கிற கணக்கு. நம்பர் கடையில் பார்த்த அதே கணக்குதான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் மூன்றாவது கடிதம். பணப்பெட்டி கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, சுங்கத்துறை பிடித்து வைத்திருக்கிறது, விடுவிக்க 14,500 வெள்ளி, கடைசி நாள் ஏப்ரல் 12. சுங்கத்துறை வரியைத் தனியாள் கணக்கில் வாங்குவதே கிடையாது. அதைச் சொல்ல அவர் பக்கத்தில் ஆள் இல்லை. வைப்புப் பணத்தை எடுக்கப் பாரம் வாங்கி வைத்துவிட்டார்.

ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு. அன்று கோயிலுக்குப் போட்டுக்கொள்ளச் சங்கிலியை முன்கூட்டியே தேடிய அவர் மனைவிக்கு, அந்த அக்காவுக்கு, அடகுச் சீட்டு கிடைத்தது. ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அக்கா மேசைக்கு வந்தார். "தம்பி, அவரு ஒங்ககிட்ட ஏதோ காட்ட வந்தாராமே, என்னா அது?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வீட்டில்

நாங்கள் மூவரும் அன்று மாலையே பேசினோம். மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றார் ஒருவர். வங்கியில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டையும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மகளுக்குத் தெரிந்தால் அண்ணன் இன்னும் உள்ளே இறங்கிவிடுவார் என்று பயம். மறுபடியும் போதனை செய்யவும் கூடாது. நான் தனியாகப் போவது, கடிதத்தை அவரையே படிக்கச் சொல்வது, இவ்வளவுதான் திட்டம்.

மறுநாள் ஏழு மணிக்குப் போனேன். அக்கா தேத்தண்ணி வைத்தார். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் ஆரம்பித்தேன். "அண்ணே, அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு. அந்தக் கடுதாசிய நான் முழுசாக்கூட படிக்கல. இன்னைக்கு ஒருதடவ காட்டுங்க."

கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு எழுந்து சாமி மேடைக்குப் போனார். முருகன் படத்துக்கு அடியில், கண்ணாடித்தாள் உறைக்குள் கடிதம் இருந்தது. வலது மூலையில் குங்குமப் பொட்டு.

"இது உங்க லைன்ல வந்திருந்தா பாஸ் பண்ணுவீங்களா?" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். கிண்டல் செய்கிறேனா என்று பார்த்திருப்பார். அப்புறம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடிதத்தை உறையிலிருந்து உருவி, மேசை விளக்குக்குக் கீழே வைத்தார். சான்றிதழையும் மூன்றாவது கடிதத்தையும் பக்கத்தில் வரிசையாக வைத்தார். அடுத்த இருபது நிமிடம் நான் ஒன்றும் பேசவில்லை.

முதலில் தொகை. எண்ணில் 850,000. எழுத்தில் எட்டு லட்சத்து ஐயாயிரம். அடுத்து கையெழுத்துகள். இரண்டு பெயர்கள், ஆனால் இரண்டுக்கும் கீழே இழுத்த வால் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் வளைகிறது. "ஒரே ஆளு போட்டது" என்றார். முத்திரையின் ஓரம் பொரிபொரியாக இருந்தது, சின்னப் படத்தைப் பெரிசாக்கியது போல. கடைசியாகத் தொகுப்பு எண்ணில் விரலை வைத்தார். முதல் கடிதத்தில் இருந்த எண்ணும் சான்றிதழில் இருந்த எண்ணும் நடுவில் இரண்டு இலக்கம் மாறியிருந்தன. இது என் கண்ணில் பட்டிருக்கவே படாது. "லாட் நம்பர் மாறியிருக்கு. லாட் நம்பர் மாறுனா ஒரு பீஸ இல்ல, முழுப் பெட்டியவே ஒதுக்கணும்" என்றார், எனக்குப் பாடம் சொல்வது போல.

அக்கா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நம்பர் கடையில அறுவது வெள்ளிக்கே சீட்டக் காட்டுன்னு சொன்னானே. இதுக்கு ஒங்ககிட்ட சீட்டு எங்க?" என்றார். நான் கொண்டுபோன எந்த வாதமும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. சீட்டே வாங்காமல் பரிசு விழாது என்பது பிரிட்டனுக்கும் பொருந்தும், பட்டர்வொர்த்துக்கும் பொருந்தும். பரிசுக்கு வரியும் இரண்டு நாட்டிலும் கிடையாது.

நான் சேர்த்தது ஒன்றுதான். அவருக்கு வந்த பதில்களின் நேரத்தைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். காலை 10.14, 10.40, மதியம் 12.05. மார்ச்சில் லண்டன் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால். நமக்குக் காலை 10.14 என்றால் அங்கே பின்னிரவு 2.14. அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நைட் ஷிப்டா?" என்றார். முப்பது வருடம் ஷிப்ட் பார்த்த மனிதர். லாட்டரி ஆபீசுக்கு நைட் ஷிப்ட் எதற்கு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் ஒரு நூல் பாக்கி இருந்தது. "ஒருவேள..." என்று இழுத்தார். அந்த 14,500ஐப் பரிசுப் பணத்திலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பச் சொல்லி எழுதிப் பாருங்கள் என்றேன். ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். பதினோரு நிமிடத்தில் பதில். பரிசுத்தொகை காப்புறுதிப் பத்திரத்தில் பூட்டப்பட்டிருக்கிறது, ஒரு பென்னிகூடத் தொட முடியாது, புதன்கிழமைக்குள் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று இருந்தது.

பரிசு விழுந்தவன்மேல் சட்ட நடவடிக்கை. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ரிஜெக்ட்" என்றார். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அக்காவும் திட்டவில்லை. அன்று திட்டவில்லை என்று சொல்ல வேண்டும்; பிறகு திட்டியிருப்பார்.

வங்கி, போலிஸ்

ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை. மின்னஞ்சல்களை அழிக்காமல் எல்லாவற்றையும் நகலெடுத்தோம், மெஷின் ரசீதுகளோடு. வங்கிக்குப் போனோம், பிறகு போலிஸ் நிலையத்தில் புகார் கொடுத்தோம். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அது பணம் போன கையோடு கூப்பிட வேண்டிய எண். மோசடிப் பணம் ஒரே கணக்கில் தங்காது. சில மணி நேரத்திலேயே அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும், அல்லது ரொக்கமாக எடுக்கப்பட்டுவிடும். எங்களுக்கு முதல் தொகை போய் 25 நாள், இரண்டாவது போய் 12 நாள். திரும்பி வரும் என்று யாரும் ஆசை காட்டவில்லை, வரவும் இல்லை.

போலிஸின் செமாக் மியூல் தளத்தில் இரண்டு கணக்கு எண்களையும் போட்டுப் பார்த்தோம். முதல் கணக்கின் மேல் ஏற்கெனவே மூன்று புகார் இருந்தது. இரண்டாவதன் மேல் ஒன்றுமே இல்லை. இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தளம் புகார் வந்த கணக்கைத்தான் காட்டும். நேற்று வாங்கிய கணக்குக்கு எங்கே புகார் வந்திருக்கும்? சிவப்பு வந்தால் நிறுத்து. ஒன்றும் வரவில்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

சில மாதம் கழித்து விசாரணை அதிகாரி ஒரு தடவை கூப்பிட்டார். முதல் கணக்கின் சொந்தக்காரர் தன் ஏடிஎம் அட்டையை யாருக்கோ காசுக்குக் கொடுத்துவிட்டாராம். இப்படிக் கணக்கை இரவல் கொடுப்பவர்களுக்கென்றே 2024ல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்த்தார்கள். எங்கள் விஷயம் அதற்கு முந்தியது.

மைகார்டு படம் போனது போனதுதான். அந்த எண்ணை மாற்ற முடியாது. அவர் பெயரில் யாராவது கடன் எடுத்திருக்கிறார்களா என்று மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் கடன் பதிவில் பார்த்தோம். இலவசம்தான். அன்று ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றினோம், +44 70 எண்ணைத் தடுத்தோம்.

ஆகஸ்ட்

நான்கு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவர் மேசைக்கு வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். புது மின்னஞ்சல். மோசடியில் பணம் இழந்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் சர்வதேச அமைப்பு என்று சொல்லிக்கொண்டது. அவர் பெயர் சரியாக இருந்தது. இழந்த தொகை 8,250 வெள்ளி என்று வெள்ளி பிசகாமல் இருந்தது. பதிவுக் கட்டணம் 700 வெள்ளி.

இது தெரிந்த தந்திரம்தான். ஒருமுறை கட்டியவர்களின் பட்டியல் கைமாறும், அல்லது அதே ஆட்களே வேறு வேஷத்தில் வருவார்கள். மொத்தத் தொகை இவ்வளவு துல்லியமாக யாருக்குத் தெரியும்? எங்களுக்கு, வங்கிக்கு, போலிஸுக்கு, அப்புறம் வாங்கியவனுக்கு.

அவர் ஏமாறவில்லை. ஆனால் வரும்போதே பெருமையாக ஒன்று சொன்னார். "அதே கேள்விய எழுதிட்டேன் தம்பி. எழுநூற கழிச்சிக்கிட்டு மீதிய அனுப்புன்னு. இன்னும் பதில் இல்ல."

நான் சிரிக்கவில்லை, ஆனால் உள்ளுக்குள் சங்கடமாக இருந்தது. பதில் எழுதினால் இந்த முகவரியில் ஆள் உயிரோடு இருக்கிறார், படிக்கிறார், இன்னும் பேசுவார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். எழுதச் சொல்லிக் கொடுத்தது நான். ஏப்ரலில் அந்தப் பதினோரு நிமிடப் பதில் எங்களுக்கு உதவியது உண்மை. ஆனால் அந்தக் கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொண்டாலே போதும் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் விளக்கினேன். "அப்ப நீங்க சொன்னதும் ரிஜெக்டா?" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பரில், தவணை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, 5,600 வெள்ளி கட்டிச் சங்கிலியை மீட்டார். அதற்காக ஐந்து மாதம் பள்ளி வேன் ஓட்டினார். மகளுக்கு இன்னும் தெரியாது.

மாற்றிக்கொண்டவை

மேசையை வாசலிலிருந்து எடுத்து மண்டபத்தின் உள்மூலையில் போட்டோம். காத்திருப்பவர்களின் நாற்காலிகள் வெளியே இருக்கின்றன. பணம் சம்பந்தப்பட்ட கடிதம் எதைக் காட்டினாலும் எங்கள் முதல் கேள்வி, "இதுக்கு ஏதாவது கட்டியாச்சா, எப்ப கட்டுனீங்க?" என்பதுதான். கடிதம் உண்மையா பொய்யா என்ற பேச்சு அதற்குப் பிறகு. கட்டி ஒரு நாள் ஆகவில்லை என்றால் பேச்சே இல்லை; அங்கேயே 997ஐ அழைப்போம். எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டியிருக்கிறோம்.

யாராவது ஆங்கிலக் கடிதத்தைக் கலரில் எடுக்கச் சொன்னால் உட்காரச் சொல்கிறோம். மண்டபத்துக்கு வரும் பெரியவர்கள் சாதாரணமாகக் கலர் கேட்கமாட்டார்கள். பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியது என்று நினைப்பதைத்தான் கலரில் கேட்பார்கள். இதுவரை அப்படி உட்கார்ந்தவர்கள் ஐந்து பேர். மூன்று பேர் கொண்டுவந்தது உண்மையான கடிதம்: ஒன்று காப்புறுதிப் பத்திரம், இரண்டு பேரப்பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை. நாலாவது, கூரியர் பொட்டலம் என்று ஒரு மோசடி, ஒன்றும் கட்டியிருக்கவில்லை. ஐந்தாவது அம்மா அன்று காலை எட்டரை மணிக்கு 2,200 வெள்ளி கட்டியிருந்தார். பத்தே முக்காலுக்கு அழைத்தோம். பணம் நின்றதா போனதா என்று இதை எழுதும்வரை தகவல் வரவில்லை.